ஏழாம் நம்பர் விமானத்தின் குறைகள்

மார்ச் 3

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் இருவரும் நலம். தாங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும்.

கையெழுத்து தங்களுக்குப் புதிதாக இருக்கும். கிழித்துப் போடுவதற்கு முன் அடுத்த இரண்டு பத்தியை மட்டும் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். தங்கள் மகளைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட, பல் செட் செய்கிற ஆள் நான்தான். ஆனால் மருமகன் என்ற முறையில் இதை எழுதவில்லை. அந்த முறையில் எழுதினால் என்ன ஆகும் என்பது, இரண்டு வருடத்துக்கு முன் தாங்கள் போனை வைத்த சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் ஒரு விமானம் செய்துகொண்டிருக்கிறேன். யுத்த காலத்துப் போர் விமானம். ஒற்றை என்ஜின், ஒற்றை இருக்கை. நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. தாங்கள் மெக்கானிக்காக இருந்து கவனித்த அதே ஏழாம் நம்பர். எல்லாம் என் பட்டறையில் மிஞ்சிய பொருள்கள்தான். சக்கரத்தைத் தாங்கும் கால்கள், பல்லைப் பிடிக்கிற கம்பி. விமானியின் இருக்கை, பல் செட்டுக்கு ஈறு செய்கிற பிளாஸ்டிக்; அதனால் இப்போதைக்கு ரோஸ் நிறம். அளவுகளைப் புத்தகத்தில் எடுத்தேன். புத்தகத்தில் இல்லாததைக் கேட்க எனக்குத் தங்களை விட்டால் வேறு ஆள் இல்லை. என்ஜினின் புகைக்குழாய்கள் என்ன நிறம்? இதுவரை செய்ததைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

பணிவுடன்,
பல் கட்டுபவன்

*

மார்ச் 21

விமானம் செய்பவருக்கு,

இங்கே இரண்டு பேரும் ஓடும் நிலையில் இருக்கிறோம். அங்கே எப்படி என்று நான் கேட்கவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மருமகன் கிடையாது. முப்பத்தொரு வருடம் விமானங்களைப் பார்த்தவன் நான். நான் பார்த்த எந்த விமானமும் என் கையெழுத்து இல்லாமல் தரையை விட்டுக் கிளம்பியது இல்லை. என் வீட்டிலிருந்து ஒன்றே ஒன்று கிளம்பியது. என்னைக் கேட்கவில்லை, காட்டவில்லை. போய்ச் சேர்ந்த பிறகு போனில் தகவல் சொன்னது. அதைப் பற்றி மேலே பேச எனக்கு விருப்பம் இல்லை.

கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். உள்ளேயிருந்து படம் விழுந்தது. தாங்கள் செய்து வைத்திருப்பது என்ன? முன்விசிறியின் மூன்று தகடுகளும் தலைகீழாகத் திரும்பியிருக்கின்றன. இந்த விசிறி சுழன்றால் விமானம் பின்னால் போகும். எதிரியைப் பார்த்தபடியே பின்வாங்குகிற விமானத்தை எந்தப் படையும் வைத்திருந்ததில்லை.

புகைக்குழாய் கறுப்பு அல்ல. சூட்டில் வெந்த இரும்பின் பழுப்பு. அப்புறம், டயருக்கும் சக்கரத்துக்கும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு வேண்டும். டயர் வழுக்கி நகர்ந்தால் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். தினமும் காலையில் நான் முதலில் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான். இருக்கையை இன்னும் தாழ்த்தவும். ஏழாம் நம்பரை ஓட்டியவர் ஆறேகால் அடி. நாங்கள் வைத்த பெயரே ஒட்டகம். உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கும்.

இனிமேல் எனக்கு எழுத வேண்டாம். எழுதினால் விசிறியைச் சரிசெய்த படத்தை இணைக்கவும்.

தலைமை மெக்கானிக் (ஓய்வு)

(கீழே பென்சிலில்:) மாப்பிள்ளை, அவர் தபால்தலை தேடுகிற நேரத்தில் எழுதுகிறேன். உங்கள் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத் திட்டித் தீர்த்தார். பாதித் திட்டில் பல் செட் கழன்று மடியில் விழுந்துவிட்டது. ரொம்ப நாளாகத் தளர்ந்திருக்கிறது. அவள் சாப்பிடுகிறாளா? – அத்தை

*

ஏப்ரல் 6

மதிப்பிற்குரிய தலைமை மெக்கானிக் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே இருவரும் நலம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம். தாங்கள் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

விசிறியைத் திருப்பிவிட்டேன். இனி விமானம் முன்னால்தான் போகும். சிவப்புக் கோட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன். மூன்றாவது முறைதான் நேராக வந்தது. இருக்கையை அரை மில்லிமீட்டர் தாழ்த்தியிருக்கிறேன். நிஜத்தில் ஒட்டகத்துக்கு ஓர் அங்குலம் இடம் கூடியிருக்கும்.

வயிற்றுப் பக்கம் என்ஜின் எண்ணெய் வழிந்த கறையை அச்சு அசலாகப் பூசியிருக்கிறேன். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். படத்தில் விமானத்தைத் தூக்கிப் பிடித்திருப்பது என் கை அல்ல. நான் கேமராவைப் பிடித்திருந்தேன்.

இன்னொன்று. தங்களுக்குத் தெரிந்த யாருக்காவது பல் செட் தளர்ந்து, பேசும்போது தொந்தரவு கொடுத்தால் என்னிடம் அனுப்பலாம். அளவு எடுக்க ஆள் நேரில் வர வேண்டும். அதைக் கடிதத்தில் செய்ய முடியாது.

பணிவுடன்,
பல் கட்டுபவன்

*

ஏப்ரல் 14

விமானம் செய்பவருக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை.

எண்ணெய்க் கறையா? ஏழாம் நம்பரிலா? மற்ற விமானங்களில் வழியும். மூன்றாம் நம்பர் வந்து நின்றால் தரையில் குளம் கட்டும். அதைக் கவனிக்க வேண்டியவன் விசில் அடித்துக்கொண்டு திரிவான். ஏழாம் நம்பருக்கு அடியில் நான் மல்லாந்து படுத்து, வெள்ளைத் துணியால் வயிற்றைத் துடைத்து அதிகாரிக்குக் காட்டுவேன். துணி வெள்ளையாகவே இருக்கும். இத்தனை வருடம் கழித்து முகம் தெரியாத ஒருவர் வந்து என் விமானத்தின் மேல் எண்ணெய் பூசுவார் என்று நான் நினைக்கவில்லை. பாராட்டினார்களாம்! பாராட்டியவர்களின் பெயர்களை அனுப்பவும். கறையை இன்றே துடைக்கவும்.

படத்தில் இருக்கும் கையின் கட்டைவிரலில் துணி சுற்றியிருக்கிறது. கூரான கத்தி விரலை வெட்டாது, மழுங்கிய கத்திதான் வழுக்கி வெட்டும். அந்த வீட்டில் சாணைக்கல் இருக்கிறதா? கையின் சொந்தக்காரரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். கத்தியை மட்டும் தீட்டி வைக்கவும்.

எனக்குத் தெரிந்த யாருடைய பல்லும் தளரவில்லை. அந்தச் செய்தி தங்கள் காதுக்கு எப்படி வந்தது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். அதில் நான் சொல்லவில்லை.

தலைமை மெக்கானிக் (ஓய்வு)

(பென்சிலில்:) அந்தப் படத்தைத் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்திருக்கிறார். டெலிபோன் புத்தகம் விமானத்தை மறைத்துக்கொண்டிருக்கிறது. கை மட்டும் தெரிகிறது.

*

மே 9

மதிப்பிற்குரிய தலைமை மெக்கானிக் அவர்களுக்கு,

வணக்கம். விரல் ஆறிவிட்டது. கத்தி தீட்டியாயிற்று. தங்கள் வீட்டில் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று தெரியவில்லை. குற்றவாளிக்கு என் அன்பைச் சொல்லவும்.

கறையைத் துடைத்துவிட்டேன். இப்போது ஏரியல் கம்பி. முதுகுக் கம்பத்திலிருந்து வால் உச்சி வரை போகிற அந்தக் கம்பிக்கு எந்த நூலைக் கட்டினாலும் கப்பல் கயிறு மாதிரி இருந்தது. கடைசியில் தலைமுடிதான் பொருந்தியது. ஒரு முடியின் தடிமனை நாற்பத்தெட்டால் பெருக்கினால் மூன்றரை மில்லிமீட்டர் வருகிறது. கம்பி வெயிலில் மின்ன வேண்டும் என்பதால் ஒரு வெள்ளை முடியாகத் தேடி எடுத்தோம். என் தலையில் தேடிப் பயனில்லை. மூன்று வருடமாக அங்கே எதுவும் விளைவதில்லை.

இறக்கைகளில் துப்பாக்கித் துளைகளைப் பல் குடைகிற ஊசியால் போட்டேன். எரிபொருள் தொட்டியின் மூடியை இருக்கைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். சரிதானே?

பணிவுடன்,
பல் கட்டுபவன்

*

மே 16

விமானம் செய்பவருக்கு,

இங்கே ஓடும் நிலை. விசாரணை முடிந்தது. குற்றவாளி ஒப்புக்கொண்டதோடு நிற்காமல் எனக்கே இரண்டு மணி நேரம் புத்தி சொன்னாள்.

மூடி இருக்கைக்கு முன்னால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம். குளிரில் விரல் விறைக்க, நான் தினமும் கவிழ்ந்து படுத்து ஊற்றிய இடம். என் வீட்டில் அதைக் கதையாக நூறு தடவை சொல்லியிருக்கிறேன். கேட்டு வளர்ந்த ஆள் தங்கள் பக்கத்திலேயே இருக்கும்போது இந்தத் தப்பு எப்படி நடந்தது என்று எனக்குப் புரியவில்லை.

துப்பாக்கித் துளைகள் திறந்திருக்கின்றன. கிளம்பும் முன் அவற்றின் மேல் நான் சிவப்புத் துணி ஒட்டி மூடுவேன், தூசி போகாமல் இருக்க. சுட்டால் துணி கிழியும். தாங்கள் செய்வது சுட்டு முடித்த விமானமா, சுடாத விமானமா? ஒரு முடிவுக்கு வரவும். சுடாத விமானம் என்றால் எனக்குச் சந்தோஷம். துணி கிழியாமல் வந்த நாட்களில் ஒட்டகம் இறங்கி என் தோளில் கை போடுவார்.

கீழே உள்ளது விமானத்தைப் பற்றிய கேள்வி அல்ல. முப்பத்திரண்டு வயதில் ஏன் நரைக்கிறது?

தலைமை மெக்கானிக் (ஓய்வு)

*

ஜூன் 20

மதிப்பிற்குரிய தலைமை மெக்கானிக் அவர்களுக்கு,

வணக்கம். நலம், நலம், இரண்டு பேரும் நலம்.

கேட்டிருந்ததை அவளிடமே கேட்டேன். “அப்பாவுக்கு முப்பதுலயே நரைச்சாச்சு. அந்தத் தலைதானே இதுவும்? கவலைப்படாதீங்கன்னு எழுதுங்க” என்றாள். நான் எழுதும்போது பின்னால் நின்று, எழுதிவிட்டேனா என்று இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள்.

விமானம் முடிந்துவிட்டது. மூடி முன்னால் வந்துவிட்டது. துப்பாக்கித் துளைகளின் மேல் சிவப்புத் துணி கிழியாமல் இருக்கிறது. தகடுகளைப் பொருத்தும் ரிவெட் ஆணிகளை வரிசை வரிசையாக எண்ணிப் போட்டேன். இருக்கையின் ரோஸ் நிறமும் போய்விட்டது. ஆறு பக்கமும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். குறை இருந்தால் தயவுசெய்து எழுதவும்.

பணிவுடன்,
பல் கட்டுபவன்

*

ஜூலை 28

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுகிறேன். இதுவரை பென்சிலில் ஓரத்தில் எழுதினேன். இன்று அவர் பேனாவையே எடுத்துவிட்டேன். உடம்பு எல்லாருக்கும் சௌகரியம்தானே? இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை, வீடுதான் சரியில்லை.

நீங்கள் ஏன் இப்படிச் செய்தீர்கள்? குறையே இல்லாமல் யார் செய்யச் சொன்னது?

உங்கள் ஆறு படத்தையும் பதினோரு நாள் பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், அளவுகோல் வைத்துப் பார்த்தார், ஜன்னலோரம் கொண்டுபோய்த் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பன்னிரண்டாம் நாள் காலையில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “ஒண்ணும் இல்லடி. சரியா இருக்கு” என்றார். நாற்பது வருடத்தில் அந்த வாயில் அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. என் சமையலுக்குக் கிடைக்காதது உங்கள் ரிவெட்டுக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் சொல்லும்போது முகம் செத்துப்போயிருந்தது.

தினமும் பேப்பரை எடுத்து ‘விமானம் செய்பவருக்கு’ என்று எழுதுகிறார். அதற்கு மேல் ஓடவில்லை. “சரியா இருக்குன்னு ஒரு வரி எழுதுங்களேன்” என்றேன். “எழுதிட்டா அதோட முடிஞ்சு போச்சே. அப்புறம் நான் எதைச் சொல்லி எழுதுவேன்?” என்று கத்தினார். பல் செட் விழுந்தது. குனிந்து எடுக்கக்கூட இல்லை.

அவருக்கு அவள் வேண்டும். வாயைத் திறந்து கேட்க வராது. தயவுசெய்து ஏதாவது ஒரு தப்புப் பண்ணிப் படம் அனுப்புங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். பதிலை எதிர்வீட்டுத் தையல்காரி முகவரிக்குப் போடவும்.

அத்தை

*

ஆகஸ்ட் 4

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நாங்கள் நலம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

உங்களிடம் மறைத்துப் பயனில்லை. எல்லாம் உங்கள் மகளின் ஏற்பாடு. “எங்கப்பா எவ்வளவு கோபத்துல இருந்தாலும், திரும்பின விசிறியைப் பார்த்துட்டு சும்மா இருக்க அவரால முடியாது. அவரைப் பேச வைக்கணும்னா ஒரு தப்பைக் காட்டுங்க” என்றாள். விசிறி, எண்ணெய்க் கறை, மூடி, எல்லாமே அவள் யோசித்து வைத்தது. எண்ணெய்க் கறையைப் பூசும்போது, “மூணு பக்கம் வரும் பாருங்க” என்று சிரித்தாள். அந்தக் கடிதம் வந்ததும் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

கடைசிப் படத்திலும் வாலில் ஒரு ரிவெட் வரிசையை விட்டுவிடச் சொன்னாள். விட்டுவிட்டுத்தான் இருந்தேன். படம் எடுக்கப் போகும்போது கை கேட்கவில்லை. பல் கட்டுகிறவனுக்கு ஒரு பல்லை மட்டும் கோணலாக வைத்து அனுப்ப மனசு வருமா, சொல்லுங்கள்? அவளுக்குத் தெரியாமல் அந்த வரிசையையும் போட்டுவிட்டேன். இப்போது, “உங்க ரிவெட்டு எங்கப்பாவோட வாயை அடைச்சிருச்சு” என்று சொன்னவள்தான், அதற்கப்புறம் சுவரோடு பேசுகிறாள்.

சனிக்கிழமை ஒரு சக்கரத்தைப் பிடுங்கி, திருப்பி ஒட்டப் போகிறோம்.

அன்புடன்,
மாப்பிள்ளை

*

ஆகஸ்ட் 6

விமானம் செய்பவருக்கு,

இங்கே சகலமும் ஓடும் நிலையில் உள்ளது. அங்கே எப்படி?

குறை கண்டுபிடிக்கப்பட்டது. பெரிய குறை. தாங்கள் எப்படிக் கவனிக்காமல் விட்டீர்கள் என்று ஆச்சரியமாக இருக்கிறது. ஏழாம் நம்பரை ஓட்டியவர் ரொம்பக் குள்ளம். கால், மிதிகட்டையை எட்டாது. அதனால் மிதிகட்டை இரண்டின் மேலும் நான் மரத்துண்டு வைத்துக் கட்டியிருந்தேன். தாங்கள் செய்ததில் அவை இல்லை. இது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம். செய்துவிட்டுப் படம் அனுப்பவும். அவசரம் ஒன்றும் இல்லை. சீக்கிரம் அனுப்பினாலும் பாதகமில்லை.

தலைமை மெக்கானிக் (ஓய்வு)

*

ஆகஸ்ட் 20

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் முதல் தடவையாக ‘அங்கே எப்படி’ என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே எப்படி என்று சொல்கிறேன்.

தங்கள் கடிதம் வந்தபோது சக்கரத்தைப் பிடுங்கக் குறட்டைக் கையில் வைத்திருந்தேன். அவள் வாங்கிப் படித்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள். “ஒட்டகம் குள்ளமாம்! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறார். எங்கப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க, அதான் இவ்வளவு மோசமா சொல்லியிருக்கார்” என்றாள். பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். “எனக்காக முதல் தடவையா ஒரு பொய் சொல்லியிருக்கார்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் குறட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

மாமா, எங்கள் பொய்யையும் சொல்லிவிடுகிறேன். விசிறி, எண்ணெய், மூடி மூன்றும் வேண்டுமென்றே செய்த தப்புகள். தாங்கள் எழுத வேண்டும் என்பதற்காகச் செய்தோம். ஒரு தடவை தங்கள் கையெழுத்துக் கேட்காமல் கிளம்பினோம். மறுபடியும் இப்படி ஏமாற்றியிருக்கிறோம். இதற்காகத் தாங்கள் எழுதுவதையே நிறுத்திவிடலாம். அந்தப் பயத்தில்தான் பத்து நாள் இதை எழுதாமல் தள்ளிப்போட்டேன், எழுதிய பிறகும் தபாலில் போடத் தயங்கினேன். அவள்தான், “போடுங்க. இனிமே அப்பாகிட்ட தப்பைக் காட்ட வேண்டாம், நம்மளைக் காட்டுவோம்” என்றாள்.

மரத்துண்டு வைக்கவில்லை. விமானத்தில் இன்னும் ஒன்று மட்டும் பாக்கி, தங்கள் கையெழுத்து. விமானத்தைத் தபாலில் அனுப்ப முடியாது, ஏரியல் அறுந்துவிடும். அது அவள் முடி. இன்னொரு வெள்ளை முடி வர நாங்கள் காத்திருக்க விரும்பவில்லை.

மருமகன்

*

செப்டம்பர் 2

என் மகளுக்கு,

நலமா? மாப்பிள்ளை நலமா? நாங்கள் நலம்.

என்னை ஏமாற்றியதற்காக ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். மறுநாள் எல்லாக் கடிதங்களையும் வரிசையாக வைத்துப் படித்தேன். எண்ணெய்க் கறையைக் கண்டால் நான் எப்படிக் குதிப்பேன் என்று சரியாகக் கணக்குப் போட ஒரே ஒரு ஆளால்தான் முடியும். அந்த ஆளை இரண்டு வருடம் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்தேன். எனக்கு உன் குரலைக் கேட்க வேண்டும் போல இருந்தது, தினமும். போனை வைத்தது நான்தான் என்பதால் எடுக்கவும் எனக்கு வெட்கமாக இருந்தது. ஒட்டகத்தைக் குள்ளமாக்கியதற்கு அவர் என்னை மன்னிக்க வேண்டும்.

பழைய பெட்டியில் ஒரு வெற்றுப் படிவம் கிடைத்தது. நிரப்பி இணைத்திருக்கிறேன். பிந்திவிட்டது.

அப்பா

பறப்பதற்கு முன் சோதனைப் படிவம்
எண்: ஏழு
கிளம்பிய நாள்: இரண்டு வருடத்துக்கு முன், கையெழுத்து இல்லாமல்
கண்ட குறை: ஒன்று
குறை இருந்த இடம்: சோதித்தவரிடம்
சரிசெய்யப்பட்டதா: ஆம், மனைவியின் மேற்பார்வையில்
விமானமும் மாப்பிள்ளையும்: சரியாக இருக்கிறது
பறக்கலாம்.
கையெழுத்து: தலைமை மெக்கானிக்

(பென்சிலில்:) கண்ணே, இதை எழுத ஐந்து பேப்பர் கிழித்தார். எழுதி முடித்ததும் பல் செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு அழுதார். போட்டுக்கொண்டு அழுதால் விழுந்துவிடுமாம். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறோம். தெருவில் கேட்டவர்களிடம் எல்லாம், பல் அளவு எடுக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையிடம் சொல், துடைத்துக் காட்ட வெள்ளைத் துணி ஒன்று கொண்டுவருகிறார்.